இரண்டு ஏழுகள்

குளிரூட்டிய அறையில் இரண்டு சர்வர்கள் இரைகின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் பெட்டி. அதோடு பேச ஒவ்வொரு சர்வரின் கன்ட்ரோலருக்கும் தனி எண் வேண்டும். தொழிற்சாலையிலிருந்து இரண்டும் ஏழாகவே வருகின்றன. ஒன்றை ஆறாக்க வேண்டும். என்னிடமிருந்து பிடுங்கிய இந்த வேலையை முதலாளி முன்னால் செய்துகாட்டும் சீனியர், இரண்டாவது சர்வரின் திரையிலும் ஏழு என்பதை மாற்றாமல் நகர்கிறார். நான் பார்க்கிறேன். "நீ வாயத் திறக்காம வயரப் பிடிம்மா, அது போதும்" என்கிறார், போன வாரக் கூட்டத்தில் வேலையைப் பிடுங்கியபோது சிரித்த அதே சிரிப்போடு. நாக்கு நுனி வரை வந்த சொல்லை மிட்டாய் போல அடக்கிக்கொள்கிறேன். இரண்டாவது சர்வரின் ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். டிஸ்க் பெட்டியின் பச்சை விளக்குகள் தடுமாறி, ஒவ்வொன்றாகச் சிவக்கின்றன. சீனியரின் கழுத்தில் வியர்வை. "ஏம்மா, என்ன ஆச்சு?" முதலாளி என் பக்கம் திரும்பிக் கேட்கிறார். "வயர் சரியாத்தான் இருக்கு சார். இன்னும் பிடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."