ஹலோ தொரையின் கிதார்

பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில் மகேந்திரன் வீட்டுக்கு யார் போனாலும், குடிக்கத் தண்ணீர் வரும் முன்னே ரெக்ஸ் ஹாலோ வந்துவிடுவார். அந்த வெள்ளைக்கார ராக் பாடகர் செத்து வெகுகாலம் ஆகிறது. மகேந்திரன் வாயில் மட்டும் இன்னும் சாகவில்லை. அவருடைய சிவப்பு எலெக்ட்ரிக் கிதார் ஆசியப் பக்கம் எங்கோ தொலைந்துபோனதை, தன் வீட்டுக் கோழி தொலைந்த மாதிரி சொல்லிச் சொல்லி வருத்தப்படுவான்.

"கிடைச்சா என்ன செய்வீங்க?" என்று மனைவி புனிதா ஒருமுறை கேட்டாள்.

"அதுக்கப்புறம் என் கிதாரைத் தொடவே மாட்டேன்."

"அதுக்காகவாவது கிடைக்கட்டும்."

ஒருநாள் போனில் ஒரு படம் வந்தது. சுங்காய்க்கு உள்ளே, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டுவிட்ட ஒரு பழைய தோட்டம். அங்கே ஒரு முனியாண்டி கோயில். முனியாண்டிக்கு ஒரு கையில் அரிவாள், மறு கையில் சிவப்புக் கிதார்!

மறுநாளே போய் நின்றான். சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். கண் சாமியின் முகத்துக்குப் போகவே இல்லை.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கருப்பம்மாள் திருநீற்றுத் தட்டோடு வந்தாள்.

"அது ஹலோ தொரை கிதாரு, தம்பி."

"ஹாலோவா?"

"ஹலோவோ ஹாலோவோ, யாரு கண்டா. அந்தக் காலத்துல மேனேசர் பங்களாவுக்கு விருந்தாளியா வந்தாராம். சாமி மீசையப் பாத்துட்டு 'இவரும் பாடுவாரா'ன்னு கிண்டல் பண்ணிருக்காரு. அவ்வளவுதான், கிதார்ல சத்தம் செத்துப் போச்சு. கம்பிய மாத்துனாரு, ஒயர மாத்துனாரு, ம்ஹூம். விடிஞ்சதும் ஓடியாந்து சாமி கையில மாட்டிட்டு, திரும்பிப் பாக்காம போனவருதான். சாமி கைக்கு வந்ததும் சத்தமும் வந்துருச்சு."

"அக்கா, ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?"

"ஐயையோ! கமிட்டித் தலைவரையே விடமாட்டோம் லா. வெள்ளிக்கிழமை பூசையில கோயில் ஸ்பீக்கர்ல மாட்டி, நான் மட்டும் ஒரு மீட்டு மீட்டுவேன். கணீர்னு வரணும். கொஞ்சம் பிசிறு தட்டுனாலும் என்னமோ ஏதோன்னு ஊரே கூடிரும்."

கிதார் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன. இடுக்கில் சிவப்பு தெரிந்தது. அவனுக்கு அது போதும்.

அவனிடமும் ஒரு சிவப்புக் கிதார் உண்டு. ஹாலோவுடையதைப் பார்த்து ஜப்பானில் செய்தது. கல்யாணத்துக்கு முன்பே வயிற்றைக் கட்டி வாங்கியது. அதை வைத்துக்கொண்டு பேராக்கில் அவன் வாசிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. மட்டமான கிதாரை மாற்றி வைத்தால் வெள்ளிக்கிழமையே குட்டு வெளிப்பட்டுவிடும். இதை வைத்தால் சாமிக்கே சந்தேகம் வராது.

தன் விரல் பட்டுப் பட்டு வழவழப்பான அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஹாலோ ஹாலோதான். 'சாமியை ஏமாற்றவில்லையே, நல்லதைத்தானே கொடுக்கிறோம்' என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

"கிதாரை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் புனிதா.

"கோயிலுக்கு. ஒரு வேண்டுதல்."

"சாமி என்ன பாவம் செஞ்சாரு?"

மத்தியான வெயிலில் போய்ச் சேர்ந்தான். கோயிலில் கருப்பம்மாள் மட்டும்தான் இருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க, தம்பி. வீட்ல சோறு கொதிக்குது. ஆடு கீடு உள்ள வராம கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துர்றேன்."

முனியாண்டியே வழி விட்டுவிட்டார் என்று நினைத்தான். அவள் தலை மறைந்ததும் காரிலிருந்து கிதாரை எடுத்துவந்து, சிலிப்பரைக் கழற்றினான். திருடப் போனாலும் கோயில் கோயில்தானே! சாமி கையில் இருந்ததை இறக்கினான், தன்னுடையதை மாட்டினான், கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளி அப்பினான். அவசரத்தில் முனியாண்டியின் மீசையிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. இறக்கியதைத் துண்டில் சுற்றிக் காரில் போட்டுக்கொண்டு பறந்தான்.

சுங்காய் டவுனுக்கு வந்து பிரேக்கை மிதித்தபோதுதான் வெறுங்கால் உறைத்தது. சிலிப்பர் கோயில் வாசலில்! காவலுக்கு நின்ற ஆள் சிலிப்பரை விட்டுவிட்டு ஓடியிருந்தால், கருப்பம்மாளுக்குச் சந்தேகம் வராதா?

திரும்பினான். காரைச் செம்பனை மறைவில் நிறுத்திவிட்டு, முள் குத்தக் குத்த நடந்தான். வாசலில் சிலிப்பரைக் காணோம். கோயிலுக்குப் பின்னாலிருந்து, ஸ்பீக்கரில் கிதார் ஒலி ஒன்று கணீரென்று எழுந்தது.

அத்தனை வருடம் மடியில் வைத்து வளர்த்த பிள்ளையின் குரல் பெற்றவனுக்குத் தெரியாதா? சுவரோரமாக எட்டிப் பார்த்தான்.

கமிட்டித் தலைவர் சின்னையா அவனுடைய கிதாரின் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காலில் அவனுடைய சிலிப்பர்.

"அருமையான சாமான், அக்கா! திருவிழாவுக்கு இனிமே வெளி பேண்டுக்காரன் வாசல்ல போய் நிக்க வேணாம்."

"ஹலோ தொரை புண்ணியத்துல இதோட நல்ல கிதாரு மூணு சேந்துருச்சு லா," என்றாள் கருப்பம்மாள், சிவப்புப் பெயிண்ட் அடித்த இன்னோர் உடைசல் கிதாருக்குச் சந்தனம் அப்பியபடி. "டிரம் செட்டுக்குத்தான் வேற ஒரு தொரையத் தேடணும்."