ஒரு ஜாண்

ரேச்சலின் முடியில் இன்றைக்குத்தான் ரப்பர் பேண்டு நின்றது.

இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தேன். விழவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட வழுக்கிக்கொண்டு கீழே போன அதே ரப்பர் பேண்டு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பகல் பதினோரு மணிக்கு, அடுத்த வீட்டு வாசற்படியில், கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்து அழுதால், அன்புக்கரசிக்கு இன்னா ஆச்சு என்று தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். பதினாறு மாதமாக இந்தத் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள் நான்.

வைக்காமல் என்ன செய்வது? அந்தப் பார்லருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவளும் நான்தானே.

கல்மண்டபம் பக்கம் புதிதாகத் திறந்திருந்தார்கள். அவள் புருஷன் சாவியோவுக்கு வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. இரண்டு வருஷம் கழித்து ஈஸ்டருக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். இடுப்பு வரைக்கும் சுருள் சுருளாகக் கிடக்கிற முடியை நேராக்கிக் காட்டினால் ஆள் அசந்துபோவான் என்று ஏற்றிவிட்டேன். பார்லர்காரப் பெண் மருந்தைத் தடவிவிட்டு போனில் பேசப் போய்விட்டாள். எரிகிறது என்று ரேச்சல் சொன்னாள். அழகு வேண்டுமென்றால் கொஞ்சம் எரியத்தான் செய்யும் என்று நான் சொன்னேன்.

மூன்றாம் நாள் சீப்பு வைத்த இடத்திலெல்லாம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. தலை முழுக்கக் கொப்புளம். மிச்சத்தையும் மழித்தால்தான் புண் ஆறும் என்றார் டாக்டர். வியாழக்கிழமை காலையில் மழித்தோம்.

அன்று சாயங்காலமே போன் வந்தது. ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை கடலுக்குப் போனபோது சாவியோ இருந்த படகு எல்லை தாண்டிவிட்டதாம். பக்கத்து நாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் பெரிய வெள்ளி. முக்காட்டோடு கோவிலுக்குள் போனவளைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். புருஷனுக்காக மாதாவுக்கு முடியைக் கொடுத்துவிட்டாள், வேளாங்கண்ணி போகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை என்று முக்காட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நானும் கூட நின்றேன். இல்லை என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் தெருவே காத்திருந்தது. முடியைக் கொடுத்தவளை மாதா கைவிடமாட்டாள் என்று பார்க்கிறபோதெல்லாம் சொன்னார்கள். ஒரு கிறிஸ்துமஸ் போனது. இன்னொரு ஈஸ்டரும் போனது. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரே ஒரு கடிதம் வந்தது.

ரேச்சல் முடி வளர்த்தாள். வெங்காயச் சாறு, வெந்தயம், கறிவேப்பிலை, யார் எதைச் சொன்னாலும் அரைத்துப் பூசினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். ஒரு ஜாண் ஆகிவிட்டதா என்று கேட்பாள். உச்சியிலிருந்து ஒரு கற்றையை இழுத்து, கையை விரித்துப் பார்த்து, இன்னும் இல்லை என்பேன். கிழவியாகிற வயசில் இவ்வளவு ஆசையா என்று கேலி செய்வேன். முப்பத்தொரு வயசுக்காரி, சிரித்து வைப்பாள்.

ஊரில் இருந்தபோது சாவியோ கடலுக்குக் கிளம்பினால் அவள் பின்னலின் நுனியை இரண்டு தடவை இழுத்துவிட்டுத்தான் படியிறங்குவான். அவன் திரும்பி வந்து நிற்கும்போது இழுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே என்று தவிக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அதே தவிப்புதான். அந்தப் பின்னலை மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், என் நெஞ்சு ஆறிவிடும்.

போன ஆகஸ்டில் காவி உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் கிளம்பியபோதும் இவள் போகவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டு விரற்கடை முடிதான் இருந்தது. வெட்கப்படுகிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்றைக்கு அளந்தேன். சரியாக ஒரு ஜாண் இருந்தது. சொன்னேன்.

ரேச்சல் பின்னால் கையைக் கொண்டுபோய் ரப்பர் பேண்டைத் தொட்டாள். அந்தக் குட்டை வாலைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

எதிர் வரிசையில் ஜார்ஜ் அண்ணன் இந்த வருஷ நடைக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார். நேராக அவரிடம் போய்த் தன் பேரையும் எழுதச் சொன்னாள். பக்கத்தில் மொட்டை என்றும் போடச் சொன்னாள்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டார். போன வருஷமே கொடுத்துவிட்டாயே, ஒரே வேண்டுதலுக்கு எத்தனை மொட்டை போடுவாய் என்று கேட்டார்.

"அது பார்லருல பூட்ச்சிண்ணே. மாதாவுக்கு நான் இன்னும் ஒண்ணியும் குடுக்கல."

பதினாறு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் வயிற்றுக்குள் வைத்திருந்ததை நட்ட நடுத்தெருவில் சொல்லிவிட்டாள். ஜார்ஜ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பேனா மறுபடியும் நகர்ந்தது.

அவள் வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. போன வருஷமே இதைச் செய்திருக்கலாமே, இத்தனை பாடுபட்டு வளர்த்திருக்க வேண்டாமே என்றேன். இரண்டு விரற்கடை முடியைக் கொண்டுபோய் வைத்தால் மாதாவுக்குத் தெரியாதா என்று கேட்டாள்.

கூட்டம் கிளம்ப இன்னும் நாலு நாள் இருந்தது. ரேச்சல் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.