பாடியவர் தெரியவில்லை

கேட்டுக்கொண்டிருப்பவர்: இலக்கியா.

கைபேசியில் அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தங்கை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டாள்.

பிறகு பாட்டு மாறியது.

மறுபடி மாறியது.

பட்டியலின் மேலிருந்து, வரிசையாக. ஒவ்வொன்றிலும் பல்லவி தொடங்குமுன் அடுத்தது. பாட்டுக் கேட்கிறவர்கள் அப்படிக் கேட்பதில்லை. அடுத்தவர் பெட்டியைக் கவிழ்த்துத் துழாவுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள்.

"கொஞ்சம் எந்திரிச்சு வா," என்றாள்.

இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவன், முகம் கழுவாமல் வந்து நின்றான்.

அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் கறுப்புப் பெட்டி மெல்ல முனகிக்கொண்டிருந்தது. ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சின்னக் கணினி. உள்ளங்கையளவுக் கணினிப் பலகை ஒன்றைத்தான் முதலில் பார்த்தார்கள். அதற்கு உறை தனி, சார்ஜர் தனி, டிஸ்க் தனி. எல்லாம் சேர்த்தால் கைக்கு எட்டவில்லை. பெங்களூரில் பழைய கணினி விற்கும் சந்தில் இது கிடைத்தது. கடைக்காரர் தமிழர்.

"பாட்டுக்குத்தானே? இதுல கல்யாண மண்டபத்துக்கே பாட்டுப் போடலாம் சார்."

"எங்க கல்யாணத்துக்கு மண்டபமே இல்லண்ணா," என்று அவன் சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

அதில் ஏற்றிய பாட்டுகளை எந்த ஊரிலிருந்தும் போனில் கேட்க வைக்கும் மென்பொருள் இலவசம். மாதச் சந்தாவுக்கு இதைவிட நல்லவை இருந்தன. அவை போன் நம்பர் கேட்டன. இது எதையும் கேட்கவில்லை.

காசைவிட அதுதான் காரணம்.

கணவனின் தெருவுக்குள் அவளுடைய அண்ணன் அதுவரை கால் வைத்ததில்லை. அவர்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று மாலை, இரண்டு வண்டி ஆட்களோடு வந்தான். கணவனின் அம்மா அன்று அடிபட்ட கையை இன்னும் தூக்க முடியாமல் இருக்கிறாள்.

அவர்கள் இப்போது இருக்கும் ஊர் யாருக்கும் தெரியாது. தங்கைக்கும்.

இலக்கியாவின் போனை அண்ணன் தினமும் வாங்கிப் பார்ப்பான். யாரிடம் பேசினாள், என்ன எழுதினாள், எல்லாம். பாட்டுச் செயலியை மட்டும் திறப்பதில்லை. ஒரு தோழியின் மூலம் அது அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்தது. போனை வீட்டில் விட்டுத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும்; வந்ததும் ஒரு பாட்டுப் போடுவாள். நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இங்கே இவள் அந்தப் பெயரைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்குவாள். நானும் நன்றாக இருக்கிறேன் என்று அதேபோல் தினமும் திருப்பிச் சொல்ல வழியில்லை.

இணைப்பை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாதபடி கணவன் எல்லாம் செய்திருந்தான். படித்துப் படித்து, ஒவ்வொரு கதவாக மூடினான்.

"அவ இந்நேரம் காலேஜ்ல இருப்பாளே?"

"இருக்கணும்."

"அப்ப போன் யார்ட்ட இருக்கு?"

பாட்டு மாறியது.

"ஒயரப் புடுங்கிடவா?"

"வேணாம்டா. இப்ப நின்னா அவளப் போட்டு ஒதப்பாங்க. நீதானடி சொல்லிக்குடுத்தேன்னு."

அவன் கை சுவிட்சின் மேலேயே இருந்தது.

பாடகர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. பட்டியலின் அடிக்கு வந்தது. அங்கே மென்பொருள் தானாகவே பிரித்து வைத்த ஒரு தலைப்பு.

பாடியவர் தெரியவில்லை.

அதற்குள் ஒரே பாட்டு. போன மாதம் தங்கையின் பிறந்தநாளுக்கு இவளே வரி கட்டி, மொட்டைமாடியில் நின்று போனில் பாடிப் பதிந்தது. இலக்கியா என்ற பெயர்கூட வராமல் பார்த்துக்கொண்டாள். தன் பெயரும் இல்லை.

அது ஓடத் தொடங்கியது.

இந்த முறை மாறவில்லை.

மென்பொருளுக்குத்தான் தெரியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்தக் குரல் தெரியும்.

திரையில் பாட்டு ஒரு கோடு. ஓடுகிற இடம் ஒரு புள்ளி. புள்ளி பாதியைத் தாண்டியது. நின்றது.

பின்னால் போனது.

மறுபடி அதே இடம் வரை வந்தது.

பின்னால் போனது.

"அங்க என்னடி இருக்கு?"

அவள் தன் போனில் அந்தப் பாட்டைத் திறந்தாள். புள்ளியை அந்த இடத்துக்கு இழுத்தாள். காதோடு வைத்துக்கொண்டாள்.

தன் குரல். ஒரு வரி முடிகிறது. அடுத்த வரிக்கு மூச்சு வாங்குகிறாள்.

அந்த இடைவெளியில், கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு கண்டக்டர்.

"பாகலூர், பேரிகை! பாகலூர், பேரிகை! ஏறு ஏறு ஏறு!"

பாடும்போது அது அவள் காதில் விழவில்லை. தினமும் கேட்கிற சத்தம்.

போனை அவனிடம் நீட்டினாள். அவனும் கேட்டான். இரண்டு தடவை கேட்டான்.

"நம்ம ஊர் பேர் வரலையே," என்றான்.

கண்டக்டர்கள் நிற்கிற ஊரைச் சொல்வதில்லை. போகிற ஊர்களைத்தான் சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் பஸ் எங்கிருந்து கிளம்பும் என்று எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

புள்ளி மீண்டும் அந்த இடத்துக்கு வந்தது. இப்போது திரும்பவில்லை. பாட்டு முடிவதற்குள் இலக்கியாவின் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.

அவன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.

"விட்டுட்டான்," என்றான். "ஒண்ணும் கெடைக்கல. போய்ட்டான்."

அவள் வராந்தாவுக்குப் போனாள்.

கொடியிலிருந்து துணிகளை எடுக்கத் தொடங்கினாள். எதுவும் இன்னும் காயவில்லை.