தபினுக்கு ஓர் இடம்

சாத்தான் எங்கே இருக்கிறான் என்பதில் எங்கள் சபையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பல் டாக்டர் தாக் குடியிருக்கும் அபார்ட்மெண்டில், அவருக்கு நேர் கீழ்வீட்டில் இருந்தான். அதாவது, இருந்தாள்.

பெயர் மேங். புத்தர் கோயிலுக்குப் போகிற அம்மா. வீட்டில் தனி ஆள். டாக்டர் வீட்டில் நாங்கள் கூடி வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்தால், கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் சீலிங்கில் 'டொக் டொக்' என்று இடிப்பாள். அதற்கும் அடங்காவிட்டால் வாட்ச்மேனிடம் புகார்.

"ஊழியத்துக்குப் போற குடும்பத்தை எப்படியெல்லாம் சோதிக்கிறான் பாருங்க," என்பார் மூப்பர் பியோ.

ஊழியம் மடகாஸ்கரில். டாக்டர் தாக் கிளினிக்கை மூடிவிட்டார். மனைவி யூன்ஜு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள். எங்கள் சபையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் முதல் மிஷனரி குடும்பம். கொரியாவின் தேஜான் நகரத்தில் எங்கள் பக்கத்துத் தெருச் சபை ஏற்கெனவே மூன்று குடும்பங்களை அனுப்பிவிட்டதால், இந்த அழைப்பில் டாக்டரைவிட மூப்பருக்குத்தான் அவசரம். சபை வாசலில் பேனர்கூடக் கட்டியாகிவிட்டது. அதில் டாக்டர் படத்தைவிட மூப்பர் படம் கொஞ்சம் பெரிது.

சாமான்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. சபையார் அவ்வளவு தாராளம். பியானோ டீக்கன் சூ வீட்டுக்குப் போனது. கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃப்ரிட்ஜ் போங் அம்மா வீட்டுக்கு. நாய்க்குட்டி மூப்பர் வீட்டுக்கு.

மகள் தபினுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

பள்ளி இறுதி ஆண்டு. நவம்பரில் கல்லூரி நுழைவுத் தேர்வு. கொரியாவில் அந்தப் பரீட்சையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் யாருமில்லை. மடகாஸ்கர் ஆஸ்பத்திரியோ, இந்த மாதத்துக்குள் டாக்டர் வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டது.

அந்த ஞாயிறு மதியம் டாக்டர் வீட்டில் ஜெபக் கூட்டம். தபின் நூலகத்துக்குப் போயிருந்தாள். யூன்ஜு வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"யாராவது ஒருத்தர் நவம்பர் வரைக்கும் அவளை வெச்சுக்கிட்டா போதும். அவ பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்து படிச்சுக்குவா."

மூப்பர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்ல தாராளமா இருக்கலாம். அந்த நாய்தான் யோசனையா இருக்கு. நாய் முடி பிள்ளைக்கு ஒத்துக்குமோ என்னவோ."

"அது அவ வளர்த்த நாய்தாங்க."

"இருந்தாலும் பாருங்க..."

போங் அம்மா உடனே முந்திக்கொண்டாள். "எங்க வீட்ல ஒரு சின்ன ரூம் இருந்துச்சு தங்கச்சி. இப்பதான் அதுல உங்க கிம்ச்சி ஃப்ரிட்ஜைக் கொண்டுபோய் வெச்சோம்."

டீக்கன் சூ மட்டும் உண்மையைச் சொன்னார். "எங்க பையனும் இந்த வருஷம்தான் பரீட்சை எழுதுறான். உங்க பொண்ணு நல்லா படிக்கிறவ. ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வெச்சா, என் சம்சாரம் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவா."

"அப்ப எங்களால போக முடியாதுங்க," என்றார் டாக்டர்.

"அவிசுவாசமாப் பேசாதீங்க தம்பி," என்றார் மூப்பர். "கர்த்தர் யாரையாவது எழுப்புவார்." அந்த யாராவது தானாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் அவர் முகத்தில் துளியும் இல்லை. "பாரத்தோட ஜெபிப்போம்."

எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. ஜெபிப்பதற்கு யார் வீட்டிலும் ரூம் காலியாக இருக்க வேண்டியதில்லை. வழக்கம்போல "கர்த்தாவே" என்று மூன்று முறை ஒரே குரலில் கூப்பிட்டுவிட்டு, ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு உரக்க ஜெபித்தோம். "தபினுக்கு ஒரு இடம் தாரும்" என்று மூப்பர் தரையில் ஓங்கி ஓங்கிக் குத்தினார்.

காலிங் பெல் அடித்தது.

"வந்துட்டான்," என்றார் மூப்பர், கண்ணைத் திறக்காமலே.

டாக்டர், கீழ்வீட்டைச் சமாதானப்படுத்தவென்றே வாங்கி வைத்திருக்கும் கமலா ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இன்னிக்குக் கொஞ்சம் சத்தமாயிடுச்சு."

மேங் அம்மா பையை வாங்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கொஞ்சமா? ஒரு மாசமா விடியக்காலையில 'தபினுக்கு இடம் தாரும், தபினுக்கு இடம் தாரும்'னு புருஷனும் பொண்டாட்டியும் அழறீங்க. இன்னிக்கு ஊரையே கூட்டிவெச்சு அழறீங்க. உங்க சாமி காதுல விழுந்துச்சோ இல்லையோ, எனக்குத் தெரியாது. என் காதுல விழுந்துடுச்சு."

டாக்டர் ஆரஞ்சுப் பையை மறுபடி நீட்டினார்.

"என் மகன் கல்யாணமாகிப் போனதுல இருந்து அவன் ரூம் சும்மாதான் கிடக்கு. நேத்து சுத்தம் பண்ணி, படிக்கிறதுக்கு மேஜை விளக்கு வாங்கிப் போட்டுட்டேன். பொண்ணை இன்னிக்கே அனுப்புங்க. நீங்க கிளம்பறதுக்குள்ள பழகிடட்டும். அவ நாயையும் யார்கிட்ட குடுத்தீங்களோ திருப்பி வாங்கிடுங்க. பிள்ளை லிஃப்ட்ல நின்னு அதுக்காக அழுதுச்சு."

யூன்ஜு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே கண் கலங்கிவிட்டது.

மூப்பர் மட்டும் எழுந்து நின்றார். "நல்ல மனசுதாம்மா. ஆனா புத்தரைக் கும்பிடற வீடு. இவ மிஷனரி வீட்டுப் பிள்ளை. இது கர்த்தருடைய சித்தம்தானான்னு நாங்க ஜெபம் பண்ணிப் பார்க்கணும்."

"பண்ணுங்க," என்றாள் மேங் அம்மா. "ஆனா இனிமே மெதுவா பண்ணுங்க. கீழ பிள்ளை படிக்கும்."