பத்தாவது இடம்

போட்டியில் பத்துப் பேர். சுலக்ஷனாவுக்குப் பத்தாவது இடம்.

அதுவும் என்ன போட்டி? கொழுந்து பறிக்கிற போட்டி.

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கொழுந்து பறிக்கும் ராக்காயியின் ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்கிறவள், விடுமுறைக்கு இரண்டு மாதம் சீனாவுக்கே போய்ப் படித்துவிட்டு முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டில் நிற்க இடமில்லை. எல்லோரும் போனில் சீனா பார்க்க வந்தவர்கள்.

வகுப்பறை, தூரிகையால் எழுதுவது, குச்சியால் சாப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தாள். யுனான் மாகாணத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன வீடியோ வந்ததும், அதை மட்டும் விரலால் தள்ளிவிடப் பார்த்தாள். தேயிலைத் தோட்டம் என்றால் சனம் விடுமா?

வீடியோவில் பல நாட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கூடையோடு நின்றார்கள். அந்தத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, தன் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, எப்படிக் கிள்ளுவது என்று ஒவ்வொருவருக்கும் காட்டித்தந்தாள். ஒரு மணி நேரம் போனதும், ஓரத்தில் தராசோடு நின்ற அந்த ஊர்க் கங்காணி ஒவ்வொரு கூடையாக நிறுத்தான். முதலிடம் ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு. சுலக்ஷனாவின் கூடையில் அடி தெரிந்தது.

முதலில் சிரித்தவர் கங்காணி மாயாண்டி. ராக்காயி வேலை செய்யும் மலையில் ஆட்களை மேய்ப்பதும் கொழுந்து நிறுப்பதும் அவர்தான். கொழுந்தில் ஈரம் என்று நிறையில் கழிப்பதில் ஈவிரக்கம் பார்க்காதவர் என்று பெண்கள் அவரை வையாத நாளில்லை.

"வெள்ளக்காரன் ஜெயிக்கிறான், ராக்காயி மக தோக்குறா. படிச்ச கைக்குக் கொழுந்து கூசுது போல," என்றார்.

வீடே சிரித்தது. ராக்காயிக்கு மட்டும் முகம் செத்துப்போயிற்று. பள்ளிக்கூட லீவு நாளெல்லாம் தாயோடு மலை ஏறினவள், இரண்டு கையாலும் பறிக்கிறவள். அவளா கடைசி? கொழுந்து பறிக்கிறவள் பெற்ற பிள்ளை என்று அங்கே தெரிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே சும்மா நின்றிருக்கிறாள். இதற்குத்தானா படிக்க வைத்தோம் என்று இருந்தது அவளுக்கு.

வந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலுக்கு நகர்ந்ததும் மகளிடம் மெல்லக் கேட்டாள்.

"எங்க வேலயச் சொல்ல ஒனக்கு வெக்கமா இருந்துச்சா?"

"அப்படி இல்லம்மா. அன்னைக்குக் கை ஓடல," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிப் பக்கம் போய்விட்டாள்.

ராக்காயி போனை எடுத்து மறுபடி ஓடவிட்டாள். மற்றவர்கள் மகளின் முகத்தைப் பார்த்தார்கள். இருபத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவள் கையைத்தான் பார்த்தாள்.

கை நன்றாகத்தான் ஓடியது. பிடி நிறைந்ததும் அது தன் கூடைக்குப் போகவில்லை. முன்னால் குனிந்து நின்ற சீனாக்காரியின் முதுகுக் கூடைக்குள் போயிற்று, அவளுக்கே தெரியாமல். திரும்பத் திரும்ப அப்படியே. அங்கேயும் நிறைக்குத்தான் கூலி என்று மகள் நேற்றுச் சொன்னது ராக்காயிக்கு ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே ஒரு மணி நேரத்தைத் தொலைத்தவள் கூடையை வேறு யார் நிரப்புவார்கள்?

கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. இந்த வேலையை மகள் எங்கே படித்தாள் என்று அவளுக்குத் தெரியாதா? முடியாமல் பறிக்கிறவளுக்கு நிறை குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். அவள் கூடையில் ஆளுக்கு இரண்டு பிடி போட்டுவிடுவது அவர்கள் மலையில் பெண்களுக்குப் பழக்கம். போன மாதத்திலிருந்து பிள்ளைத்தாச்சி ஒருத்திக்கு ராக்காயி போடுகிறாள். எல்லாம் கங்காணி கண்ணில் படாமல்.

நிமிர்ந்தால், தோளுக்குப் பின்னால் மாயாண்டி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று போனை மடியில் கவிழ்த்தாள்.

"குடு பாப்போம்," என்று வாங்கி, மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யார் யாரைக் கூப்பிட்டு விசாரிப்பாரோ, அந்தப் பிள்ளைத்தாச்சியின் பேர் என்னாகுமோ என்று ராக்காயி அவர் முகத்தையே பார்த்தாள்.

பார்த்து முடித்தவர், தேயிலை நிரையின் ஓரத்தில் தராசோடு நின்ற சீனாக்காரக் கங்காணியின் மேல் விரலை வைத்துக் காட்டினார்.

"ஒம் மக போடுறப்பல்லாம் இவன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிறான், பாத்தியா? பாவம், இவனுக்கும் என்னையப் போலக் கழுத்து வலி இருக்கும்."