நூலில் கட்டிய பேனா

பொய் சொன்னால் பல் கொட்டும் என்பார்கள். எனக்குக் கொட்டுவதற்குப் பல்லே மிச்சமில்லை. ஆகவே எந்தப் பயமும் இல்லாமல் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அரசாங்க வங்கியின் மேலாளர் அறையில் நானும் என் தங்கையும் நின்றுகொண்டிருந்தோம். நாற்காலிகள் இருந்தன. உட்காரச் சொல்லத்தான் ஆளில்லை.

தங்கை மாவு மில் நடத்துகிறவள். குளித்து நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அப்படியும் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. செருப்புத் தேய இந்த வங்கிக்கு நடந்து கடன் வாங்கித்தான் இயந்திரம் போட்டாள். நான் ஜாமீன். நடுவில் மோட்டார் எரிந்து மில் சில மாதம் நின்றது. தவணையும் நின்றது. மோட்டார் மறுபடி சுற்ற ஆரம்பித்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வாங்க மறுத்துவிட்டார்கள். மில்லை ஏலம் விடுவதாகப் பேப்பரில் போட்டாகிவிட்டதாம்.

அன்று மதியம் ஏலம்.

"மொத்தத்தையும் கட்டினா நிறுத்தலாம்மா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மேலாளர்.

"கப்பல்காரருக்கும் அதே சட்டம்தானா சார்?" என்றாள் தங்கை.

கப்பல்காரரை ஊருக்கே தெரியும். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போகவேண்டும். அப்படியும் கப்பல் விடப்போகிறேன் என்று இதே வங்கியில் கடன் வாங்கினார். வாங்குவதற்கு அவர் வங்கிக்கு வரவில்லை. வங்கிதான் அவர் வீட்டுக்குப் போனது. கப்பலை யாரும் பார்க்கவில்லை. கடனையும் அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அவர் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி மட்டும் கப்பல் வடிவத்தில் இருக்கிறது.

"அது வேறம்மா. அவருக்குப் பண்ணது கடன் மறுசீரமைப்பு, கெடுவைத் தள்ளிக் குடுக்கறது."

"எனக்கும் அதையே பண்ணிக் குடுங்க சார்."

"அதுக்கெல்லாம் கடன் பெருசா இருக்கணும்மா."

கிண்டலாகச் சொல்லவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார்.

அவர் தலைக்கு மேலே, 'இது மக்களின் வங்கி' என்று எழுதி மாட்டியிருந்தது. வங்கியில் ஓட்டை விழும்போதெல்லாம் அரசாங்கம் வரிப்பணத்தைக் கொட்டி அடைக்கும். தங்கை வாங்கும் சோப்புக்கட்டியிலும் அந்த வரி இருக்கிறது. ஆகவே அந்தக் கப்பலில் அவளுக்கும் பங்கு உண்டு. பயணம் போக அழைப்புதான் வரவில்லை.



ஏல அறிவிப்பு கிடைத்தது என்று ஜாமீன் போட்டவன் கையெழுத்திட வேண்டுமாம். மேலாளரின் சட்டைப்பையில் இரண்டு பேனா இருந்தது. "பேனா அங்க இருக்கு பாருங்க பெரியவரே" என்று வெளியே கவுன்டரைக் காட்டினார்.

போனேன். மூடியில்லாத பேனா. கழுத்தில் நூலைச் சுற்றி, நூலின் மறுமுனையைக் கவுன்டர் கம்பியில் முடிந்திருந்தார்கள். கோடிகளை வாரிக் கொடுத்த வங்கி, காசுக்குப் பெறாத பேனாவை எங்களை நம்பி விடவில்லை.

நூல் காகிதம்வரை எட்டவில்லை. காகிதத்தை நகர்த்தியிருக்கலாம். அன்று நான் நகர்ந்து கொடுக்கும் மனநிலையில் இல்லை.

இழுத்தேன்.

முதலில் கம்பி வந்தது. கம்பியோடு கவுன்டர். கவுன்டரோடு காசாளர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையில் தேநீரோடு. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்க" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்துபோனார்.

"விட்டுடாதண்ணே" என்று தங்கை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மாவு மூட்டை தூக்கிய கை.

அடுத்து மேலாளரின் மேசை. அதற்குப் பின்னால் மண்டல அலுவலகம், படிக்கட்டோடு. அதற்குப் பின்னால் தலைநகரத்திலிருந்து தலைமை அலுவலகம், வழியில் இருந்த மரங்களையெல்லாம் சாய்த்துக்கொண்டு. சன்னல் வழியே இயக்குநர்கள் எட்டிப் பார்த்தார்கள். நில அதிர்வு என்று நினைத்து, ஆராய்வதற்கு ஒரு குழு அமைத்துவிட்டு உள்ளே போனார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் மந்திரி வந்தார், காதில் தொலைபேசியோடு. "நம்ம ஆளுதான், பாத்துக் குடுங்க" என்று பேசிக்கொண்டே வந்தார்.

கப்பல்காரரும் வருவார் என்று இன்னும் இழுத்தோம்.

நூல் முடிந்துவிட்டது. நுனியில் ஒன்றுமில்லை. அவரை மட்டும் யாரும் எதோடும் கட்டிவைத்திருக்கவில்லை.

மேசைக்கும் மந்திரிக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த மேலாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "விட்டுடுங்க பெரியவரே. ஏலமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்யச் சொல் என்று தங்கைக்குக் கண்ணைக் காட்டினேன். மந்திரியே கையெட்டும் தூரத்தில் இருந்தார். இப்படி ஒரு சமயம் இனி வாய்க்குமா?

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"கட்டுறேன்னுதானே சார் சொல்றேன். வாங்கிக்கங்க."

மேலாளர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் நூலை விட்டேன். வந்தவை எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. சாய்ந்த மரங்கள்கூட எழுந்து நின்றன. தங்கை நேராக மில்லுக்குப் போய், இருட்டும்வரை அரைத்தாள்.

அவள் அரைத்துக்கொண்டிருக்கும்போதே, பேப்பரில் போட்டபடி மதியம் ஏலமும் நடந்தது; அந்த மில்லை எடுத்தவர் கப்பல்காரர். எடுப்பதற்கான பணத்தை அந்த வங்கியே அவருக்குக் கடனாகக் கொடுத்தது.