சுருக்குக் கம்பி

அந்த ஆளை வாசகர் வட்டத்துக்குள் விட்டதே தப்பு என்று அன்பரசிக்கு அப்போதுதான் உறைத்தது.

தருமபுரியில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு, நூலகத்து மாடியில் பத்துப் பேர் கூடி ஒரு கதையை அலசு அலசு என்று அலசுவார்கள். காலேஜில் இலக்கியம் நடத்தும் அன்பரசிதான் செயலாளர். இந்த மாசம் எடுத்துக்கொண்டது நூறு வருசத்துப் பழைய வேட்டைக் கதை. ஒருத்தன் மானுக்குச் சுருக்கு வைக்கிறான், மான் மாட்டிச் சாகிறது, அவ்வளவுதான் கதை. இதில் உள்ளுணர்வு எது, அறிவு எது என்று விவாதம்.

அன்பரசி அரை மணி நேரம் பேசினாள். மிருகத்துக்கு உள்ளுணர்வு, மனுசனுக்கு அறிவு, அந்த அறிவில் கருணை இல்லாவிட்டால் அவனும் மிருகம்தான் என்று முடித்தபோது ரிட்டயர்டு தலைமையாசிரியர் தமிழ்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நன்றாகத்தான் பேசினாள், குறை சொல்வதற்கில்லை.

வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டதுதான் வினை. கடைசி நாற்காலியில் இருந்து ஒரு புது ஆள் எழுந்தார். பெயர் மாதையன். வத்தல்மலையில் சாமை பயிர் செய்கிறவராம். ஐம்பது வயசிருக்கும், காலடியில் ஒரு உரச்சாக்குப் பை.

"கதையில ஒரு தப்பு இருக்குங்க. மான் மாட்டுன உடனே செத்துச்சுன்னு எழுதியிருக்கு. அப்படிச் சாகாதுங்க. சுருக்குல மாட்டுன உசுரு சும்மா நின்னாப் பொழைச்சுக்கும். ஆனா அதுக்கு இழுக்கத்தான் தெரியும். இழுக்க இழுக்க இறுகும். அது இழுக்கும்னு தெரிஞ்சு வைக்கிறான் பாருங்க, அதுதான் அறிவு."



இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று தமிழ்மணி மெதுவாகக் கேட்டார். மாதையன் எதையும் ஒளிக்கவில்லை. இப்போதெல்லாம் பைக்கின் பழைய கிளட்ச் ஒயரில்தான் சுருக்கு போடுகிறார்கள் என்றார். எண்ணெய் வாசம் போக அதைச் சேற்றில் ஊறப் போடுவார்கள், எந்த உயரத்தில் கட்டினால் பன்றி, எந்த உயரத்தில் மான் என்று கணக்கு இருக்கிறது என்றார். இந்த வருசம் மட்டும் நாற்பது ஐம்பது சுருக்கு தன் கை வழியாகப் போயிருக்கிறதாம்.

அன்பரசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அடப்பாவி, எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான்.

"அப்ப நீங்க வேட்டைக்காரரா?"

"எங்கப்பன் வேட்டைக்காரருங்க. நானு வந்து..."

முடிக்க விட்டால்தானே. மாதையனுக்குப் பக்கத்தில் இருந்த சசிகலா நாற்காலியோடு தள்ளிப் போனாள். தமிழ்மணி எழுந்து போய் கதவை அடைத்துக்கொண்டு நின்றார், ஆள் ஓடிவிடக் கூடாதாம். அன்பரசி செல்போனை எடுத்தாள். வனத்துறை ரேஞ்சர் தனக்குத் தெரிந்தவர், இன்றைக்கே உள்ளே போனால் வெளியே வர வருசக்கணக்காகும் என்று சொல்லிக்கொண்டே நம்பரை அழுத்தினாள். லைன் பிஸியாக இருந்தது.

மாதையன் ஓடவில்லை. சாக்குப் பையைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். கொத்துக் கொத்தாகக் கிளட்ச் ஒயர் விழுந்தது. ஒன்றிரண்டில் மான்முடி ஒட்டியிருந்தது.

"நானு கட்டுனது இல்லைங்க, அவுத்தது. விடியக்காலம் போயி அவுப்பேன். மறுநாளே புதுசா கட்டிருவாங்க. போன வாரம் எனக்குக் காய்ச்சல், போகலை. ஒரு சினைமான் போயிருச்சுங்க."

சசிகலா நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினாள். தமிழ்மணி கதவை விட்டு வந்தார். அன்பரசிக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கட்டுகிற ஆள் யார் என்று கேட்டாள்.

தெரியும் என்றார் மாதையன். நல்ல குடும்பம், கேஸு கீஸு என்று போனால் அசிங்கமாகிவிடும், வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார் என்றுதான் பஸ் ஏறி வந்தேன் என்றார்.

"உங்ககிட்ட மட்டும் தனியா சொல்றேங்க, மேடம்."

"தனியா என்ன தனியா? மானைக் கொல்றவன் நல்ல குடும்பமா?" அன்பரசி மறுபடி நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள். "எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ரேஞ்சரும் கேக்கட்டும்."

ரிங் போனது. மாதையன் தமிழ்மணியைப் பார்த்தார், சசிகலாவைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"மலையடிவாரத்து மக்காச்சோளக் கொல்லைங்க. உங்க வூட்டுக்காரருது."

ஃபோனில் ரேஞ்சர் வந்துவிட்டார். "சொல்லுங்க மேடம்," என்றார். பதில் வராமல் போகவே, "ஹலோ, சொல்லுங்க," என்றார் மறுபடியும்.

யோசிக்க ஒரு நிமிசம் கிடைத்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ, தெரியாது. அதற்குள் அவளுடைய கட்டைவிரல் தானாகப் போய் லைனைக் கட் செய்துவிட்டது.